நகராட்சி நிலத்தில் பொது ஐஸ் ரிங்க்: முன்மொழிவது எப்படி?

"பனியில் சறுக்கி விளையாட ஐஸ் ரிங்க் ஒன்றை நாங்களே நன்கொடை திரட்டிக் கட்டித் தருகிறோம், நீங்கள் இடம் மட்டும் கொடுத்தால் போதும்" என்று சொன்னால் எந்த நகராட்சியும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளும் என்றுதான் முதன்முறை இந்த முயற்சியில் இறங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அதிகாரிகள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள், "பார்க்கலாம்" என்பார்கள், அப்புறம் மாதக்கணக்கில் பதில் வராது. ஊர்ப் பிள்ளைகள் மீது அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பத்தாவது வருடம் பனியை உறையவைக்கும் கம்ப்ரசர் பழுதாகும்போது உங்கள் அமைப்பு இருக்குமா, இல்லாவிட்டால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்விதான் அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருக்கும் முன்மொழிவுதான் முன்னேறும்.

இந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலுள்ள புகழ்பெற்ற வால்மன் ரிங்க், கேட் வால்மன் என்ற பெண்மணி கொடுத்த 6 லட்சம் டாலர் நன்கொடையில் கட்டப்பட்டது. முப்பது ஆண்டுகள் ஓடியபின் 1980இல் புதுப்பிப்புக்காக மூடினார்கள். தரைக்கடியில் குளிரூட்டும் குழாய்களை மாற்றும் வேலை இழுத்துக்கொண்டே போய், நகராட்சி ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் 1986 வரை அது திறக்கவில்லை. நன்கொடை ஒரு தலைமுறைக்கு மகிழ்ச்சி கொடுத்தது உண்மை. ஆனால் அடுத்த தலைமுறைக்கான செலவை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

இந்தக் கட்டுரை, இதற்கு முன் நகராட்சி அலுவலகத்தில் எந்தத் திட்டத்தையும் கொண்டுபோய் வைத்திராத பெற்றோர், ஸ்கேட்டிங் ஆர்வலர்கள், குடியிருப்போர் குழுக்கள் ஆகியோருக்கானது. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். வேலை நடக்கும் வரிசை பெரிதாக மாறாது.

1. தேவையை மணிக்கணக்கில் காட்டுங்கள்

கையெழுத்து வேட்டையோடு தொடங்கவே எல்லோருக்கும் தோன்றும். ஆயிரம் கையெழுத்து இருந்தால் நல்லதுதான், ஆனால் அதில் கையெழுத்துப் போட்டவர் ரிங்குக்கு வருவாரா என்று யாருக்கும் தெரியாது. அதைவிடப் பல மடங்கு வலுவானது, "வாரம் இத்தனை மணி நேரம் இந்தக் கட்டணத்தில் நாங்கள் எடுத்துக்கொள்வோம்" என்று எழுதிக் கொடுக்கும் கடிதம். பள்ளிகள், ஐஸ் ஹாக்கிக் குழுக்கள், ஃபிகர் ஸ்கேட்டிங் வகுப்பு எடுப்பவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுச் சங்கங்கள், முதியோர் மன்றங்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாங்குங்கள்.

ஐஸ் ரிங்கில் விற்பனைக்கு இருப்பது நேரம் மட்டும்தான். வார நாட்களில் மாலை 4 முதல் இரவு 10 வரை ஆறு மணி நேரம், சனி ஞாயிறு காலை 7 முதல் இரவு 10 வரை பதினைந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், எல்லோரும் விரும்பும் நேரம் வாரத்துக்கு 60 மணிதான். அதில் எவ்வளவு பொதுமக்களுக்கு, எவ்வளவு வகுப்புகளுக்கு, எவ்வளவு குழுக்களுக்கு என்பதை இப்போதே ஒரு அட்டவணையாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் இடையே பனியைச் சீரமைக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் போகும், அதையும் கழியுங்கள். இந்த அட்டவணையைப் போடும்போதே உங்கள் குழுவுக்குள் முதல் சண்டை வரும். ஹாக்கிக்காரர்கள் எல்லா மாலையையும் கேட்பார்கள். நகராட்சியின் முன்னால் போட வேண்டிய சண்டை இது இல்லை, வீட்டுக்குள்ளேயே பேசி முடியுங்கள். நிலம் பொதுமக்களுடையது என்பதால் பொது ஸ்கேட்டிங்குக்கு நல்ல நேரத்தில் கணிசமான பங்கு ஒதுக்கியே ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணியை மட்டும் பொதுமக்களுக்கு விட்டுவைத்திருந்தால் கவுன்சிலர் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

2. எந்த வகை ரிங்க் என்று முடிவு செய்யுங்கள்

ஹாக்கி விதிப்படியான முழு அளவு வட அமெரிக்காவில் 200க்கு 85 அடி. சர்வதேசப் போட்டிகளில் நீளம் ஏறத்தாழ 60 மீட்டர், அகலம் 26 முதல் 30 மீட்டர். இந்த அளவைப் பார்த்துவிட்டு, இதற்குக் குறைந்தால் ரிங்கே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கற்றுக்கொள்ளும் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் இதில் பாதி அளவே தாராளம். முழு அளவு இல்லாமல் முடியாது என்று பிடிவாதம் பிடிப்பவர்களின் கனவுதான் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

வகைகளில் மலிவானது இயற்கைப் பனி. தரை உறைந்தபின் மெல்லிய அடுக்குகளாக நீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கும் உறையும்வரை காத்திருந்து மேலே ஏற்றுவது. தொடர்ச்சியாகப் பல நாள் கடுங்குளிர் உள்ள ஊர்களில் தன்னார்வலர்களே இதை நடத்திவிடலாம். ஒரு வாரம் வெயில் அடித்தால் எல்லாம் நீராகிவிடும் என்பதுதான் சிக்கல். சமீப ஆண்டுகளின் வெப்பநிலைப் பதிவை வைத்து, ஒரு பருவத்தில் உங்களுக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்று நேர்மையாகக் கணக்கிடுங்கள்.

அடுத்தது பருவகாலத் தற்காலிக ரிங்க். சமதளத்தின் மேல் குழாய்ப் பாய்களை விரித்து, அவற்றின் வழியே உறையாத கிளைக்கால் கரைசலை சில்லர் என்ற குளிர்விக்கும் இயந்திரம் மூலம் ஓடவிட்டு, மேலே நீரை உறைய வைப்பார்கள். சில்லரை வாடகைக்கும் எடுக்கலாம். பருவம் முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம். நிரந்தரமாக எதையும் கட்டாததால் நகராட்சிக்கு இதற்கு ஒப்புதல் தருவது எளிது. முதன்முறை முன்மொழிபவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்: முதல் இரண்டு மூன்று பருவங்களுக்குத் தற்காலிக ரிங்க் கேளுங்கள். அது ஓடிக் காட்டினால் நிரந்தரக் கட்டடத்துக்கான பேச்சு தானாகவே வேறு தொனியில் நடக்கும்.

நிரந்தர ரிங்க் என்றால் கான்கிரீட் தளத்துக்குள் குழாய்கள், அதற்குக் கீழே வெப்பக்காப்பு, அதற்கும் கீழே மண் உறைந்து மேலெழும்பித் தளத்தைப் பிளந்துவிடாமல் இருக்க ஒரு சூடாக்கும் அமைப்பு என்று வேலை பெரிதாகும். திறந்தவெளியாக விட்டாலும் கூரை மட்டுமாவது போட முயலுங்கள். வெளிப்புற ரிங்கில் பனிக்குப் பெரிய எதிரி காற்றின் வெப்பநிலையைவிட நேரடி வெயில்தான். டொரன்டோவில் கார்டினர் விரைவுச்சாலையின் அடியில், 2018 ஜனவரியில் திறக்கப்பட்ட பென்ட்வே ஸ்கேட்டிங் பாதை இதற்கு அழகான உதாரணம். ஏற்கெனவே இருந்த மேம்பாலமே கூரை. 220 மீட்டர் நீளத்தில் எட்டு வடிவில் போகும் பாதை என்பதால் ஹாக்கி விளையாட முடியாது, ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து சறுக்கலாம். ஒரு தம்பதி அளித்த 2.5 கோடி கனடிய டாலர் நன்கொடை அந்தத் திட்டத்துக்கு வித்திட்டது. நகரத்தின் இடத்தை ஒரு லாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. உங்கள் ஊரிலும் இப்படி யாரும் கவனிக்காத நிழல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

குளிரூட்டும் வேதிப்பொருளை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடக் கூடாது. பல பழைய ரிங்குகளில் இருந்த ஆர்-22, ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் அதைப் புதிதாக உற்பத்தி செய்யவோ இறக்குமதி செய்யவோ தடை. ஆகவே யாராவது பழைய இயந்திரத்தை இலவசமாகத் தர முன்வந்தால் முதலில் அதில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். அம்மோனியா திறமையானது, மலிவானது, ஆனால் நச்சு. 2017 அக்டோபரில் கனடாவின் ஃபெர்னி நகரிலுள்ள ரிங்கில் பழைய சில்லரிலிருந்து கசிந்த அம்மோனியா மூன்று பேரின் உயிரைக் குடித்தது. அதன்பிறகு எந்த நகராட்சிப் பொறியாளரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார். கார்பன் டை ஆக்சைடில் ஓடும் அமைப்புகள் இப்போது கிடைக்கின்றன. தற்காலிக ரிங்கில் வேதிப்பொருள் சில்லருக்குள்ளேயே அடங்கியிருக்கும், ஆட்கள் சறுக்கும் இடத்தின் அடியில் கிளைக்கால் கரைசல் மட்டுமே ஓடும்.

3. நிலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். மூன்று இடங்களோடு போனால், "இது முடியாது" என்ற பதில் "அதைப் பார்க்கலாமா?" என்ற பேச்சாக மாறும்.

ஒவ்வொரு இடத்துக்கும் முதலில் அதன் சட்ட நிலையைக் கண்டுபிடியுங்கள். நகராட்சியின் பெயரில் பட்டா இருந்தால் மட்டும் போதாது. பூங்கா என்று அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால் அதைப் பிறருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப் பல இடங்களில் கடுமையான தடைகள் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் பூங்கா நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மாநிலச் சட்டமன்றமே ஒப்புதல் தர வேண்டும். அமெரிக்காவில் நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதியின் உதவி பெற்ற பூங்கா என்றால், திறந்தவெளிப் பொழுதுபோக்கைத் தவிர வேறெதற்கும் மாற்றக் கூட்டாட்சி அரசின் அனுமதி தேவை. நாலு சுவருக்குள் மூடிய ரிங்க் திறந்தவெளிப் பொழுதுபோக்கா என்ற கேள்வி அங்கே எழும். நிலத்தை நன்கொடையாகக் கொடுத்தவர் பத்திரத்தில் எழுதிவைத்த நிபந்தனைகளும் இருக்கலாம். இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு வழக்கறிஞருக்குச் சில மணி நேரம் போதும். இரண்டு வருட உழைப்புக்குப் பிறகு தெரியவருவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம் மண்ணும் மின்சாரமும். சில்லருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அருகில் இல்லையென்றால் இணைப்பை இழுத்து வரும் செலவே திட்டத்தை மூழ்கடித்துவிடும், ஆகவே மின் நிறுவனத்திடம் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். 1,500 சதுர மீட்டர் ரிங்கில் 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பனி ஏற்ற ஏறத்தாழ 35,000 லிட்டர் நீர் தேவை. பருவம் முடியும்போது அத்தனையும் உருகி எங்காவது போக வேண்டும். தினமும் சீரமைப்பு இயந்திரம் செதுக்கி எடுக்கும் பனித்தூளைக் கொட்டவும் ஓர் இடம் வேண்டும்.

வாகன நிறுத்துமிடம் சமதளமாகத் தெரியும், அதனால் எல்லோரும் முதலில் அதைத்தான் கை காட்டுவார்கள். அது சமதளமே இல்லை. மழைநீர் வடிவதற்காகச் சரிவு கொடுத்திருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற மிகச் சிறிய சரிவிலும் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 30 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வந்துவிடும். நீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்வதால் ஒரு பக்கம் பனி தடித்துப் போகும், தடித்த பனிக்குள் குளிர் மேலே வராது, மின்கட்டணம் எகிறும். மணல் நிரவியோ மேடை அமைத்தோ மட்டப்படுத்தும் செலவைச் சேர்த்துக்கொண்டுதான் அந்த இடத்தை மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். குளிர்காலத்தில் சும்மா கிடக்கும் டென்னிஸ் அல்லது கூடைப்பந்து ஆடுகளங்களையும் ஒரு பார்வை பாருங்கள். அவற்றின் சரிவு பொதுவாகக் குறைவு, விளக்குகளும் பெரும்பாலும் இருக்கும்.

4. அமைப்பு

நன்கொடைக்கு வரிவிலக்கு பெறும் பதிவு இல்லாமல் பெரிய தொகை வராது. புதிதாகப் பதிவு செய்ய மாதங்கள் ஆகும், ஆகவே தொடக்கத்தில் ஏற்கெனவே இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கீழ்த் தனிக் கணக்காகச் செயல்பட முடியுமா என்று பாருங்கள். பூங்கா நண்பர்கள் குழு, சமூக அறக்கட்டளை போன்றவை இதற்குப் பொருத்தமானவை. உங்கள் நிர்வாகக் குழுவில் ஸ்கேட்டிங் ஆர்வலர்கள் மட்டும் இருந்தால் போதாது. ஒரு கணக்காளர், கட்டுமானம் தெரிந்த ஒருவர், அந்த நிலத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஒருவர் அவசியம் வேண்டும்.

5. யாரிடம் முதலில் பேசுவது?

நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவிப்பது கடைசிப் படிகளில் ஒன்று. முதலில் பூங்காத் துறையில் பராமரிப்பைக் கவனிக்கும் அதிகாரியைப் போய்ப் பாருங்கள். அவருக்கு முன்மொழிவு எதையும் நீட்டாமல் கேள்விகள் மட்டும் கேளுங்கள்: இந்த இடங்களில் உங்களுக்கு என்ன சிரமம்? குளிர்காலத்தில் உங்கள் ஆட்களுக்கு எவ்வளவு வேலை? முன்பு இப்படி யாராவது கேட்டிருக்கிறார்களா, என்ன ஆனது? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பொன்னானது. முன்பு ஒரு குழு பாதியில் விட்டுப்போயிருந்தால், அந்தக் கசப்பை நீங்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும். தெரிந்துகொண்டு போவது நல்லது.

அதன்பின் அந்தப் பகுதியின் கவுன்சிலர். அவரிடம் போவதற்கு முன் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களின் கதவைத் தட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே விசாரியுங்கள். நகராட்சி கேட்காமல் வெளியிலிருந்து வரும் திட்டத்தை அப்படியே ஏற்க விதிகள் இடம்கொடுக்கின்றனவா, அல்லது பொது அறிவிப்பு விட்டு மற்றவர்களிடமும் திட்டம் கேட்க வேண்டுமா? டெண்டர் விட வேண்டும் என்றால் நீங்கள் உழைத்துத் தயாரித்த யோசனையோடு ஒரு வணிக நிறுவனம் போட்டிக்கு வரக்கூடும். பொது நிலத்தைப் பொறுத்தவரை அந்த விதி நியாயமானது, அதற்காக வருத்தப்படாமல் தயாராக இருங்கள்.

6. பணக் கணக்கு

மூன்று பணப்பைகளைத் தனித்தனியாகக் காட்டுங்கள்: கட்டும் செலவு, ஆண்டுதோறும் நடத்தும் செலவு, பழைய இயந்திரங்களை மாற்றும் செலவுக்கான காப்பு நிதி. முதல் பையைப் பற்றி எல்லோரும் உற்சாகமாகப் பேசுவார்கள். கொடையாளர்களுக்கும் பெயர்ப்பலகை வைக்கும் கட்டடம்தான் பிடிக்கும். யாரும் "சில்லர் பழுதுபார்ப்பு நிதி" என்று தன் பெயரைப் பொறிக்கக் கேட்பதில்லை. அதனால் ஒவ்வொரு பெரிய நன்கொடையையும் கேட்கும்போதே அதில் ஒரு பங்கு காப்பு நிதிக்குப் போகும் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

நடத்தும் செலவில் பெரியவை மின்சாரம், ஊழியர் சம்பளம், காப்பீடு. இவற்றை இதே அளவுள்ள, இதே தட்பவெப்பமுள்ள வேறொரு ரிங்கின் உண்மையான கணக்கிலிருந்து எடுங்கள். பொது அமைப்பு நடத்தும் ரிங்குகளின் கணக்கு பெரும்பாலும் கேட்டால் கிடைக்கும், நேரில் போனால் மேலாளர்கள் மனம்விட்டுப் பேசவும் செய்வார்கள். விற்பனையாளர் தரும் துண்டறிக்கையிலுள்ள மின் கணக்கை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.

வரவில் நுழைவுக் கட்டணம், ஸ்கேட் வாடகை, வகுப்புகள், குழுக்களுக்கு மணிக்கணக்கில் விடும் வாடகை, ரிங்கைச் சுற்றியுள்ள பலகைகளில் விளம்பரம், விளம்பரதாரர் நிதி ஆகியவை வரும். ஸ்கேட் வாடகையைச் சிறிய விஷயம் என்று ஒதுக்காதீர்கள். சொந்தமாக ஸ்கேட் இல்லாத குடும்பங்கள் வர அதுதான் வாசல். எல்லா அளவிலும் போதிய ஸ்கேட் காலணிகள், அவற்றின் அடித்தகட்டைத் தீட்டும் இயந்திரம், தலைக்கவசங்கள், விழாமல் பிடித்துக்கொள்ளும் தாங்கிகள் இவற்றைத் தொடக்கச் செலவிலேயே எழுதுங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான இலவச நேரத்தையும் இப்போதே கணக்கில் கொண்டுவாருங்கள். வாஷிங்டனில் ஃபோர்ட் டுபாண்ட் ரிங்க் மூடப்படும் நிலை வந்தபோது, 1996இல் ஒரு லாப நோக்கற்ற நண்பர் குழு அதை நடத்தும் பொறுப்பை ஏற்றது. அந்தப் பகுதிக் குழந்தைகளுக்குக் கட்டணமில்லாமல் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்ததுதான் அதை ஊரின் ரிங்காக நிலைநிறுத்தியது. இலவச வகுப்பு நடத்தும் செலவுக்குக் கொடையாளர்களைத் தேடுவது, மின்கட்டணத்துக்குத் தேடுவதைவிட எளிதும்கூட.

பிறகு, மோசமான ஆண்டுக்கான கணக்கு ஒன்று போடுங்கள். குளிர் தாமதமாக வந்து மூன்று வாரம் திறக்க முடியவில்லை, வருகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மின்விலை ஏறியது என்று வைத்து, பற்றாக்குறை எவ்வளவு, அதை எந்தப் பையிலிருந்து எடுப்பீர்கள் என்று எழுதுங்கள். நிதித் துறை அதிகாரி உங்கள் முழு ஆவணத்தில் கவனமாகப் படிக்கும் பக்கம் இதுதான். லாபம் மட்டுமே காட்டும் கணக்கை அவர் நம்பமாட்டார்.

கோடையில் என்ன செய்வீர்கள் என்பதும் பணக் கேள்விதான். நியூயார்க்கின் ப்ராஸ்பெக்ட் பூங்காவில் 2013 டிசம்பரில் திறந்த லெஃப்ராக் மையம், கோடையில் ரோலர் ஸ்கேட்டிங் தளமாகவும் குழந்தைகள் நீர் விளையாடும் இடமாகவும் மாறிவிடுகிறது. பூங்காவுக்கான லாப நோக்கற்ற அமைப்பும் நகரமும் தனியார் கொடையாளர்களும் சேர்ந்து 7.4 கோடி டாலரில் கட்டியது அது. அவ்வளவு பெரிய தொகை உங்களுக்குத் தேவையில்லை. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் இடத்துக்குப் பொது நிலம் தரத் தயங்குவார்கள் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

7. ஒப்பந்தத்தின் வடிவம்

இதை நகராட்சி வழக்கறிஞரிடமே விட்டுவிடாமல் உங்கள் தரப்பிலிருந்து ஒரு பக்க வரைவை வையுங்கள். கேட்க வேண்டியது குத்தகையா, வெறும் பயன்பாட்டு உரிமமா, அல்லது நீங்கள் கட்டி நகராட்சிக்கே கொடுத்துவிட்டு நடத்தும் பொறுப்பை மட்டும் வைத்துக்கொள்வதா? தற்காலிக ரிங்குக்கு உரிமம் போதும். நிரந்தரத்துக்கு நீண்டகால உறுதி இல்லாவிட்டால் கொடையாளர்கள் பணம் போடத் தயங்குவார்கள். கட்டிக் கொடுத்துவிடுவதில் ஒரு நன்மை உண்டு, கட்டடக் காப்பீடும் பெரிய பழுதுகளும் நகராட்சியின் பொறுப்பில் வரக்கூடும். ஆனால் அதே காரணத்துக்காக அவர்கள் அதை விரும்பாமலும் இருக்கலாம்.

எந்த வடிவமானாலும் சில விஷயங்களைத் தெளிவாக எழுதியே ஆக வேண்டும். விபத்துக் காப்பீட்டில் நகராட்சியின் பெயரும் சேர்க்கப்படும். கட்டண உயர்வுக்கு யார் ஒப்புதல் தருவது என்பது குறிப்பிடப்படும். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கு ஒப்படைக்கப்படும். பெயர் சூட்டும் உரிமைக்கும் விளம்பரத்துக்கும் நகராட்சியின் கொள்கை பொருந்தும். எல்லாவற்றையும்விட, உங்கள் அமைப்பு கலைந்துபோனால் என்ன நடக்கும் என்ற பிரிவு. ரிங்கை அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தேவையான தொகையை நகராட்சி மட்டுமே எடுக்கக்கூடிய தனி வைப்பாக முன்கூட்டியே போட்டுவைக்க முன்வாருங்கள். தொடக்கத்தில் நான் சொன்ன அந்தப் பத்தாவது வருடக் கவலைக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே இதைப் போடுங்கள்.

8. ஆவணம்

பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். முதல் பக்கம் தனியாகவே படித்தாலும் முழுத் திட்டமும் புரிய வேண்டும்: என்ன, எங்கே, எவ்வளவு, யார் பணம், நகராட்சியிடம் கேட்பது என்ன, நீங்கள் போய்விட்டால் என்ன. அதன்பின் தேவை, இட வரைபடம், மூன்று பணப்பைகள், பாதுகாப்பு, கால அட்டவணை. கடிதங்களைப் பின்னிணைப்பில் வையுங்கள். வண்ணப்படங்களுக்காக ஓவியருக்குப் பெரிய தொகை கொடுக்காதீர்கள். நிலத்தின் உண்மையான புகைப்படத்தின் மேல் ரிங்கின் எல்லையை அளவு மாறாமல் வரைந்து காட்டினால் அதற்கு மதிப்பு அதிகம்.

நன்கொடை இன்னும் கைக்கு வரவில்லையே என்று தயங்க வேண்டாம். "நகராட்சி இடம் ஒதுக்கினால் இத்தனை தருவோம்" என்று கொடையாளர் எழுதிக்கொடுக்கும் நிபந்தனைக் கடிதங்களே இந்தக் கட்டத்துக்குப் போதும். நகராட்சியிடமும் இதே மாதிரிக் கேளுங்கள். "பணம் திரட்ட 18 மாதம் தருகிறோம், அதுவரை இந்த இடத்தை வேறு யாருக்கும் ஒதுக்கமாட்டோம்" என்று ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கிடைத்தால், அதைக் காட்டித்தான் மீதிப் பணத்தைத் திரட்ட முடியும்.

பாதுகாப்புப் பக்கத்தில் மூடிய ரிங்குகளில் காற்றின் தரத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். புரொப்பேன் அல்லது பெட்ரோலில் ஓடும் சீரமைப்பு இயந்திரம் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது. காற்றோட்டம் சரியில்லாத ரிங்குகளில் விளையாடியவர்கள் இதனால் நோயுற்றிருக்கிறார்கள். மின்கலத்தில் ஓடும் இயந்திரம் விலை அதிகமானாலும் குழந்தைகள் மூச்சிரைக்க விளையாடும் இடத்தில் நான் வேறெதையும் பரிந்துரைக்கமாட்டேன்.

9. கருத்துக்கேட்புக் கூட்டம்

ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லாதபடி பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பணக் கணக்கை மட்டும் சொல்லட்டும், பக்கத்துக் குடியிருப்பாளர் ஒருவர் தான் ஏன் ஆதரிக்கிறேன் என்று பேசட்டும், பள்ளி ஆசிரியர் ஒருவர் எத்தனை மாணவர்கள் வருவார்கள் என்று சொல்லட்டும். குழந்தைகள் பேச விரும்பினால் அழைத்து வாருங்கள், மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

எதிர்ப்பவர்களை எதிரிகளாக நினைக்க வேண்டாம். இரவில் பக் எனப்படும் ஹாக்கி வட்டின் அடிச் சத்தமும் சில்லரின் ரீங்காரமும் கேட்டுக்கொண்டு தூங்கப் போகிறவர்கள் அவர்கள்தான். சில்லரை வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் வைத்து ஒலித்தடுப்புச் சுவர் எழுப்புவது, விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பி இரவு 10 மணிக்கு அணைப்பது, தெருவில் வண்டி நிறுத்தம் நிரம்பும் நாட்களுக்கு மாற்று இடம் என்று திட்டவட்டமாகச் சொல்லுங்கள். தெளிவான ஒரு புகார் எண்ணும் கொடுங்கள்.

இந்தக் காலத்தில் செயற்கைப் பனிக்கு இவ்வளவு மின்சாரமா என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். கூரை, பனியின் தடிமனை 2.5 முதல் 4 சென்டிமீட்டருக்குள் வைத்திருத்தல், இரவில் மூடி போடுதல் ஆகியவை மின்தேவையைக் கணிசமாகக் குறைக்கும். ஹாக்கிக்குத் தேவையான கடினமான பனியைவிடப் பொது ஸ்கேட்டிங்குக்கான பனி ஓரிரு டிகிரி வெதுவெதுப்பாக இருக்கலாம், அதுவும் சேமிப்புதான். குளிரூட்டும்போது வெளியேறும் வெப்பத்தை உடைமாற்றும் அறைகளுக்கும் வெந்நீருக்கும் திருப்பிவிடலாம், பக்கத்தில் நீச்சல்குளம் இருந்தால் அதற்கும்.

10. ஒப்புதலுக்குப் பிறகு

ஒப்புதல் பெரும்பாலும் நிபந்தனைகளோடுதான் வரும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் பொறுப்பாளர், கடைசித் தேதி என்று ஒரு பட்டியல் போட்டு மாதாமாதம் பூங்காத் துறைக்கு அனுப்புங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும். சில்லரும் குழாய்ப் பாய்களும் எல்லா ஊர்களிலும் ஒரே பருவத்தில்தான் தேவைப்படும் என்பதால், கோடைக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காமல் போகலாம். மின் இணைப்புக்கும் அதே அவசரம்.

முதல் பருவம் முழுக்க நான்கு விஷயங்களைத் தினமும் குறித்துவையுங்கள்: வந்தவர்கள் எண்ணிக்கை, திறந்திருந்த நேரம், மின் பயன்பாடு, வந்த புகாரும் அதற்கு எடுத்த நடவடிக்கையும். இலவச வகுப்புக்கு வந்தவர்களைத் தனியாக எண்ணுங்கள். பருவம் முடிந்து பனி உருகிய சில வாரங்களுக்குள், நகராட்சியின் அடுத்த நிதியாண்டுக் கோரிக்கைகள் எழுதப்படுவதற்கு முன்பாக, இந்தக் கணக்கையும் காப்பு நிதியின் இருப்பையும் அதே கவுன்சிலரிடமும் அதே பராமரிப்பு அதிகாரியிடமும் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டாவது பருவத்துக்கான தேதிகளைக் கேட்டு வாங்குங்கள்.